தொலைவாயிலும் திறவுகோலும்

இரவில் கதவு தட்டப்படும் ஓசை கேட்டால், "யாரது?" என்று உள்ளிருந்து வினவுவது நம் இல்லங்களின் வழக்கம். வந்தவர் தம் பெயரைச் சொல்வார். பெயர் மட்டும் போதாது. குரலும் பழகிய குரலாக இருத்தல் வேண்டும். அதன் பின்னரே தாழ் நீங்கும். பெயரைக் கேட்டல், குரலைத் தேர்தல் ஆகிய இவ்விரு செயல்களையே இன்று கணிப்பொறிகளும் செய்கின்றன. பயனர் பெயர் என்பது முன்னது. கடவுச்சொல் என்பது பின்னது. வேறுபாடு ஒன்றே. தட்டுபவர் ஓரூரில் இருக்கிறார். கதவு வேறோர் ஊரிலோ வேறொரு நாட்டிலோ இருக்கிறது.

ஓரிடத்தில் அமர்ந்துகொண்டு, வலையத்தின் வழியே தொலைவிலுள்ள மற்றொரு கணிப்பொறியினுள் நுழைந்து, அதன் அருகிலேயே இருப்பதுபோல அதனைப் பணிகொள்ளும் முறையைத் தொலைநுழைவு எனலாம். வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், தொடர்வண்டிக்குப் பயணச்சீட்டுப் பதிவு செய்வதும், தேர்வு முடிவை அறிவதும் இதன் வழிவந்த செயல்களே. தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் எனச் சிலர் வினவலாம். காரணம் உண்டு.

சென்ற கல்வியாண்டில் நம் துறையின் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர், கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தைப் புதுப்பித்துத் தருமாறு வந்தார். ஆசிரியர் அறையிலிருந்த கணிப்பொறியின் முன் அமர்த்தி, "கடவுச்சொல்லை இடு, தம்பி" என்றோம். அவர் விழித்தார். முந்திய ஆண்டு விண்ணப்பத்தைத் தம் ஊரிலுள்ள கணினி மையத்தின் உரிமையாளரே நிரப்பித் தந்ததாகவும், கடவுச்சொல் அவருடைய குறிப்பேட்டில் இருப்பதாகவும் கூறினார். புதிய கடவுச்சொல் பெற முயன்றோம். அதற்கான ஒருமுறைக் கடவெண், அதாவது மக்கள் வழக்கில் ஓ.டி.பி. என்பது, அம்மையத்தாரின் கைப்பேசி எண்ணுக்கே சென்றது. அவரோ கடையை மூடிவிட்டு அயலூர் சென்றிருந்தார், எண்ணையும் மாற்றிவிட்டிருந்தார். மாணவரின் பெயரில், மாணவரின் மதிப்பெண்களோடு, அவர் தந்தையின் வருமானச் சான்றோடு அவ்விண்ணப்பம் எங்கோ ஒரு கணிப்பொறியில் இருந்தது. எனினும் அவரால் அதனுள் நுழைய இயலவில்லை. மையத்தாரைத் தேடிக் கண்டபோது இறுதி நாள் கடந்து இரு நாள் ஆகியிருந்தது. அவ்வாண்டு உதவித்தொகை கிடைக்கவில்லை. கட்டணத்திற்குத் துறையாசிரியர்கள் கூடி வழிசெய்தோம்.

உரிமை ஒருவரிடமும் திறவுகோல் மற்றொருவரிடமும் இருக்கும் இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்னும் வினா அன்று முதல் நம்மை விட்டு அகலவில்லை. தொலைநுழைவின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தபோது, இவ்வினா புதியதன்று என்பதை உணர்ந்தோம். கணிப்பொறியில் வல்லாரையே இது பன்முறை அலைக்கழித்திருக்கிறது. அவ்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி, அதிலிருந்து நாம் கொள்ளும் கருத்தையும் முன்வைக்க விழைகிறோம்.

காவலில்லாத முதல் வாயில்

1940 செப்டம்பரில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹானோவர் நகரிலுள்ள டார்ட்மவுத் கல்லூரியில் நடந்தது. பெல் ஆய்வகத்தைச் சார்ந்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் அங்கே ஒரு தொலையச்சுக் கருவியை வைத்திருந்தார். அவர் வடிவமைத்த கணக்கிடும் பொறியோ நியூயார்க் நகரில் இருந்தது. கூட்டத்தார் ஹானோவரில் கணக்கைத் தட்டினர். அது கம்பிவழியே நியூயார்க் சென்றது. விடை கம்பிவழியே திரும்பிவந்து தாளில் பதிந்தது. நார்பர்ட் வீனர் முதலிய கணித மேதைகள் அவையில் இருந்தனர். தொலைவிலிருந்து ஒரு கணக்கிடும் பொறியைப் பலர் அறிய இயக்கிய முதல் நிகழ்ச்சி அது.

அப்பொறி எவரையும் "நீர் யார்?" என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அதனுள் எவருடைய உடைமையும் இருக்கவில்லை. கணக்கு வந்தது, விடை சென்றது. உடைமை இல்லாத வீட்டிற்குப் பூட்டு எதற்கு?

கடவுச்சொல் பிறந்த கதை

பூட்டின் தேவை 1960-களில் எழுந்தது. அன்றைய கணிப்பொறிகள் பெருவிலை கொண்டவை. ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் பொறி வாளாவிருத்தல் வீண் எனக் கருதிய மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பெர்னாண்டோ கார்பட்டோவும் அவர்தம் குழுவினரும், ஒரே பொறியின் நேரத்தைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கும் முறையை வகுத்து 1961-இல் இயக்கிக் காட்டினர். ஒவ்வொருவர் முன்னும் ஒரு முனையம், பொறியோ ஒன்றே. ஒருவர் கோப்பை மற்றவர் தொடாதிருக்கவும், ஒருவருக்கு அளந்து தந்த நேரத்தை மற்றவர் எடுத்துக்கொள்ளாதிருக்கவும் ஆளுக்கொரு கடவுச்சொல் வழங்கினர்.

கடவுச்சொல் பிறந்த வீட்டிலேயே அதன் களவும் பிறந்தது. 1962-இல் ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு அளிக்கப்பட்ட நேரம் போதாமையால், எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பையே அச்சிட்டுத் தருமாறு பொறிக்குப் பணித்தார். பொறியும் பணிந்தது. பல்லாண்டுகள் கழித்து அவரே இதனை வெளிப்படுத்தினார். 1966-இல் வேறொரு பிழை நேர்ந்தது. இரண்டு கோப்புகள் தம்முள் மாறிப்போனமையால், உள்ளே நுழைந்தோர் அனைவருக்கும் வரவேற்புச் செய்திக்கு மாற்றாகக் கடவுச்சொற்பட்டியலே காட்சி தந்தது. பூட்டைச் செய்தவரும் அதன் குறையை மறைக்கவில்லை. 1990-ஆம் ஆண்டின் டியூரிங் விருதைப் பெற்ற கார்பட்டோ, தம் விருதுரையில் அந்நிகழ்ச்சியைத் தாமே எடுத்துரைத்தார்.

இரண்டு எழுத்துகளில் தொடங்கிய வலையம்

1966-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையில் பணியாற்றிய இராபர்ட் டெய்லரின் அறையில் மூன்று முனையங்கள் இருந்தன. ஒன்று சாந்தா மோனிகாவிலுள்ள கணிப்பொறிக்கு, மற்றொன்று பெர்க்லிக்கு, மூன்றாவது மாசசூசெட்ஸுக்கு. ஒன்றில் பேசிக்கொண்டிருக்கையில் மற்றொன்றில் உள்ளவரிடம் பேச வேண்டுமாயின் இருக்கையை விட்டெழுந்து அடுத்த முனையத்திற்குச் சென்று, வேறொரு முறைப்படி உள்நுழைய வேண்டும். ஒரே முனையத்திலிருந்து எங்கும் செல்ல வழி இருத்தலாகாதா என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணமே அர்ப்பாநெட் என்னும் வலையமாக உருக்கொண்டது. இன்றைய இணையத்தின் தாய் அதுவே.

1969 அக்டோபர் 29 இரவு. லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் லியோனார்டு கிளைன்ராக்கின் மாணவர் சார்லி கிளைன் விசைப்பலகை முன் அமர்ந்தார். ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு அப்பால், ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் பில் துவால் காத்திருந்தார். தட்டவேண்டிய சொல் 'லாகின்', அதாவது உள்நுழைக என்னும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல். 'எல்' சென்றது. வந்ததா எனத் தொலைபேசியில் கேட்டார்; வந்தது என்றார் மற்றவர். 'ஓ'வும் சென்றது. மூன்றாம் எழுத்தில் எதிர்ப்பக்கத்துப் பொறி நிலைகுலைந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துப் பழுது நீக்கி, முழுமையாக உள்நுழைந்தனர்.

இதில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அவ்வலையத்தின் வழியே மனிதர் அனுப்ப முயன்ற முதற்செய்தி வாழ்த்தன்று, வணிகமன்று. ஒரு வாயிலில் நின்று உள்ளே வர இசைவு கேட்டதே முதற்செய்தி.

அஞ்சலட்டை வழி

பல நிறுவனங்கள் செய்த பல்வகைப் பொறிகள் ஒன்றோடொன்று உரையாடுதல் எவ்வாறு? ஒன்றன் விசைப்பலகை மற்றொன்றினின்றும் வேறு. ஒன்றன் குறியீடு மற்றொன்றுக்கு விளங்காது. இதற்கு ஒரு வழி கண்டனர். எல்லாருக்கும் பொதுவான ஒரு முனையம் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, ஒவ்வொரு பொறியும் தன் மொழியை அப்பொதுமொழிக்கு மாற்றி அனுப்பும். பெறும் பொறி பொதுமொழியிலிருந்து தன் மொழிக்கு மாற்றிக்கொள்ளும். டெல்நெட் எனப் பெயர் பெற்ற இம்முறையின் நிலைபெற்ற வரையறையை ஜான் போஸ்டல், ஜாய்ஸ் ரேனால்ட்ஸ் ஆகிய இருவரும் 1983 மே திங்களில் வெளியிட்டனர்.

நம் நாட்டிலும் இவ்வழி நடந்தோர் பலர். 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, முதலில் இடம்பெற்ற நகரங்களுள் சென்னையும் ஒன்று. அக்காலத்து மாணவர்க்குரிய எளிய இணைப்பில் படங்கள் தோன்றா. தொலைபேசிக் கம்பியில் மோடத்தைப் பொருத்தி, அந்நிறுவனத்தின் கணிப்பொறியினுள் நுழைந்து, கரிய திரையில் எழுத்துகளை மட்டுமே காண்பர். அவர்கள் இணையத்தைக் கண்டது தொலைக்கணிப்பொறி ஒன்றின் கண்களால்தான்.

டெல்நெட்டில் ஒரு பெருங்குறை இருந்தது. தட்டும் எழுத்துகள் யாவும், கடவுச்சொல் உட்பட, தட்டியவாறே கம்பியில் சென்றன. அஞ்சலட்டையில் எழுதிய செய்தியை வழியிலுள்ளோர் எவரும் படிக்கலாம் அன்றோ? அதுபோல, இடையிலுள்ள ஏதேனும் ஒரு பொறியில் ஒற்றுக் கேட்பவர் எல்லாவற்றையும் படிக்க முடிந்தது. வலையத்தில் இருந்தோர் ஒருவரையொருவர் அறிந்த அறிஞர்களாக இருந்தவரையில் இது குறையாகத் தோன்றவில்லை. ஊர் பெருகியபின் திண்ணையில் பெட்டியைத் திறந்து வைத்தல் தகுமா?

அயலார் நுழைந்த வழி

1986-இல் கலிபோர்னியாவிலுள்ள இலாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், வானியலாளராக இருந்து கணிப்பொறிப் பணிக்கு மாறிய கிளிஃபோர்டு ஸ்டோல், கணக்கில் 75 சென்ட் குறைவதைக் கண்டார். சிறு தொகைதானே எனத் தள்ளாமல் காரணம் தேடினார். எவரோ ஒருவர் தொலைவிலிருந்து உள்நுழைந்து, அவ்வாய்வகத்தை வழியாகக் கொண்டு படைத்துறைக் கணிப்பொறிகளுக்குச் சென்றுகொண்டிருந்தார். பல மாதம் தொடர்ந்து பின்பற்றியபோது, சுவடு மேற்கு செருமனியின் ஹானோவர் நகரில் முடிந்தது. திருடிய செய்திகள் சோவியத்து உளவுத்துறைக்கு விற்கப்பட்டமை பின்னர்ப் புலனாயிற்று. அம்மனிதர் பல பூட்டுகளை உடைக்கவே இல்லை, பொறியைச் செய்தவர்கள் இட்ட தொடக்கக் கடவுச்சொல்லைப் பலர் மாற்றாமல் விட்டிருந்தனர், அவற்றை இட்டுப் பார்த்தார், கதவுகள் திறந்தன.

1988 நவம்பர் 2 அன்று இராபர்ட் மோரிஸ் என்னும் ஆய்வு மாணவர் வெளியிட்ட நிரல் ஒன்று, தானே பெருகிப் பொறிக்குப் பொறி தாவியது. ஏறத்தாழ 6,000 பொறிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டனர். அது நுழைந்த வழிகளுள் ஒன்று மென்பொருட் பிழை. மற்றொன்று மனிதரின் எளிமை. பயனரின் பெயரையே கடவுச்சொல்லாக இட்டுப் பார்த்தது. பின் தன்னிடமிருந்த 432 சொற்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தது. 'அப்பொறியிலிருந்து வருபவரை ஏதும் கேட்காது உள்ளே விடுக' எனப் பொறிகள் தமக்குள் கொண்டிருந்த நட்பையும் பயன்படுத்திக்கொண்டது. நம்பிக்கை நல்லது; ஆராயாது நீட்டிய நம்பிக்கை எதிரிக்கும் பாலமாகிவிடுகிறது.

பூட்டு ஊராருக்கு, திறவுகோல் தனக்கு

1995-இல் பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையத்தில், எவரோ ஒற்றுக் கேட்கும் நிரலை வைத்து ஆயிரக்கணக்கான கடவுச்சொற்களைத் திரட்டியிருந்தமை கண்டறியப்பட்டது. அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து யிலோனன், புலம்பி அமராமல், சில திங்களில் ஒரு மாற்று முறையை எழுதி, அவ்வாண்டு சூலையில் எவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டார். அதுவே எஸ்.எஸ்.எச். எனப்படும் பாதுகாப்பான தொலைநுழைவு முறை. கணிப்பொறியின் வாயில்களுக்கு எண்கள் உண்டு. 21 கோப்பு அனுப்புதற்கு, 23 டெல்நெட்டுக்கு. இடையில் ஒழிந்திருந்த 22-ஐ அவர் கேட்டுப் பெற்றார். உலகின் பெரும்பாலான வழங்கு கணிப்பொறிகளைப் பேணுவோர் இன்றும் அவ்வாயில் வழியாகவே அவற்றினுள் செல்கின்றனர்.

அம்முறையின் அடிப்படை 1976-இல் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகியோர் உலகுக்கு அளித்த கருத்து. அதனை இவ்வாறு விளக்கலாம். ஒருவர் தம்மிடமுள்ள பூட்டைப் போன்ற பூட்டுகளை ஊராருக்கெல்லாம் கொடுத்துவிடுகிறார். எவரும் அப்பூட்டால் ஒரு பெட்டியைப் பூட்டலாம். திறக்கும் திறவுகோல் அவரிடம் மட்டுமே உண்டு; அது அவர் கையை விட்டு எங்கும் செல்வதில்லை. எனவே இடைவழியில் ஒற்றுக் கேட்போருக்குப் பூட்டிய பெட்டி மட்டுமே கிட்டும். அஞ்சலட்டை இருந்த இடத்தில் அரக்கு முத்திரையிட்ட உறை வந்தது.

மற்றொரு சிறப்பும் இதற்கு உண்டு. பழைய முறையில் வீடு வந்தவரை ஆராய்ந்தது. வந்தவர் வீட்டை ஆராய வழியில்லை. எவரேனும் போலி வீடு கட்டி வைத்தால், அதனையே தம் வங்கி என நம்பித் திறவுகோலைக் கொடுத்துவிடுவர். புதிய முறையில், முதன்முறை செல்லும்போது தொலைக்கணிப்பொறி தன் அடையாளக் குறியைக் காட்டி, "என்னை நீர் முன்பு கண்டதில்லை, தொடரலாமா?" என்று கேட்கும். இசைந்தால் அக்குறியை நினைவிற்கொண்டு, பின்னொரு நாள் அது மாறியிருந்தால் உரத்த எச்சரிக்கை தரும். இருபுறமும் ஒருவரையொருவர் அறிதலே முறையான அறிமுகம் என்பதைப் பொறிக்குக் கற்பித்தனர்.

ஆயினும் அவ்வினாவுக்கு மனிதர் அளிக்கும் விடை யாது? பெரும்பாலோர் அக்குறியை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. 'ஆம்' எனத் தட்டிவிட்டு அப்பால் செல்கின்றனர். இங்குதான் நம் கருத்தின் மையம் இருக்கிறது. பூட்டுச் செய்வோர் தம் கடமையைப் பெரிதும் செய்துவிட்டனர். வாயிலில் கேட்கப்படும் வினாவைப் புரிந்துகொண்டு விடையளிக்கும் கடமை நம்முடையது. அக்கடமையில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

இதற்குச் சான்று வேண்டுமாயின் 2016-ஆம் ஆண்டைக் காண்க. எஸ்.எஸ்.எச். தோன்றி இருபதாண்டுகள் கழிந்த பின்னரும், காவற்படக்கருவி முதலிய சிறு கருவிகள் பழைய டெல்நெட் வாயில் திறந்தபடியே விற்கப்பட்டன. மிராய் என்னும் தீநிரல், ஏறத்தாழ 60 தொடக்கக் கடவுச்சொற்களை மட்டுமே கொண்டு இலட்சக்கணக்கான கருவிகளினுள் நுழைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அக்கருவிகளின் படையெடுப்பால் ட்விட்டர் முதலிய பெருந்தளங்கள் பலர்க்குப் பல மணி நேரம் எட்டாமற்போயின. ஸ்டோல் கண்ட குறையும் இதுவே, ஆண்டுதான் வேறு.

விழிப்பு வென்ற சான்றும் உண்டு. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் பிராயிண்டு என்னும் தரவுத்தள வல்லுநர், எஸ்.எஸ்.எச். வழியே உள்நுழைகையில் ஏறத்தாழ அரை நொடி காலந்தாழ்வதைக் கண்டார். காரணம் தேடிச் சென்றபோது, கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு நிரலினுள் கள்ளவாயில் ஒன்று மறைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. அதனை வைத்தவர் இரண்டாண்டுகளுக்கும் மேலாக உதவியாளராக நடந்து, நிரலைப் பேணிவந்தவரின் நம்பிக்கையைப் பெற்றவர். அன்று 75 சென்ட். இன்று அரை நொடி. சிறு வேறுபாட்டைப் புறக்கணியாத ஒருவர் இருந்தமையால் உலகின் எண்ணற்ற பொறிகள் தப்பின.

மாறிவிட்ட திசை

இதுவரை சொன்னவை வல்லுநரின் பொறிகளைப் பற்றியவை. இனி நம் கைப்பேசிக்கு வருவோம். முன்பு நாம் தொலைக்கணிப்பொறியினுள் சென்றோம். இன்று தொலைவிலுள்ளோர் நம் கைப்பேசியினுள் வரவும் செயலிகள் உள்ளன. பழுதுபார்க்கும் பொறியாளர்க்கு அவை பேருதவி செய்கின்றன. அதே செயலிகளை வஞ்சகரும் கைக்கொள்கின்றனர். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் அழைப்பார். கணக்கு முடங்கிவிடும் என அச்சுறுத்துவார். ஒரு செயலியை நிறுவச் சொல்வார். திரையில் தோன்றும் எண்ணைக் கேட்பார். பின்னர்த் தோன்றும் இசைவு வினாவுக்கு ஒப்புதல் தரச் சொல்வார். அந்நொடி முதல் நம் திரை அவர் திரை. 2019 பிப்ரவரியில் இந்திய ரிசர்வ் வங்கி, எனிடெஸ்க் என்னும் தொலைநுழைவுச் செயலியை வஞ்சகர் இவ்வாறு பயன்படுத்துவதைச் சுட்டி வங்கிகளை எச்சரித்தது.

இக்களவில் எந்தப் பூட்டும் உடைபடுவதில்லை என்பதை ஓர்க. உறை முத்திரையோடுதான் செல்கிறது. திறவுகோல் கணக்கும் பிழையின்றித்தான் நடக்கிறது. வீட்டுக்காரரே தாழ் நீக்கி அழைத்துவிட்டார். பூட்டு என் செய்யும்?

ஆகவே இக்கருவிகளே வேண்டா என்பாரும் உளர். அவர் கூற்று நமக்கு உடன்பாடன்று. 2020-இல் பெருந்தொற்று மக்களை வீட்டினுள் அடைத்தபோது, அலுவலகங்கள் பலவும் அறவே நின்றுபோகாமல் காத்தது தொலைநுழைவே. வெளியூர்ப் பயணத்திற்குப் பொருளில்லாத மாணவரும் வீட்டிலிருந்தே விண்ணப்பம் செய்ய வழிதந்ததும் அதுவே. கதவால் திருடன் வருகிறான் என்று கதவில்லா வீடு கட்டுவார் இலர்.

வேறு சிலர், 'கடவுச்சொல்லைப் பிறரிடம் கொடுப்பது அறியாமை. அதன் விளைவை அவர்களே ஏற்கட்டும்' என்பர். இதனை நாம் இன்னும் வன்மையாக மறுக்கிறோம். நம் மாணவரின் தாய் எழுத்தறிந்தவர். தமிழ் நாளிதழ் படிப்பவர். எனினும் அத்திரையில் தோன்றிய ஆங்கில வரிகள் அவர்க்கு விளங்கவில்லை. கைப்பேசி எண் கேட்கும் கட்டத்தில் தம் எண்ணை இடுவதன் முதன்மையை எவரும் அவர்க்குச் சொல்லவில்லை. மையத்தாரோ வரிசையில் நிற்பவர் பலர் என்பதால், விரைவு கருதித் தம் எண்ணையே இட்டார். அவரைக் கள்வர் எனச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர் இல்லாதிருந்தால் முதலாண்டு உதவித்தொகையும் கிடைத்திராது. காவலன் பேசும் மொழி வீட்டுக்காரருக்கு விளங்காதபோது, அம்மொழி அறிந்த மூன்றாமவர் கையில் திறவுகோல் சேர்வது இயல்பே. அவர் நல்லவராயின் பிழைத்தோம், அல்லராயின் இழந்தோம்.

தமிழ்த்துறையின் கடன்

இங்கேதான் நமக்கொரு பணி காத்திருக்கிறது. கலைச்சொல் படைப்பதில் தமிழ்த்துறைகள் ஆர்வம் காட்டியுள்ளன, பாராட்டத்தக்கதே. ஆனால் படைத்த சொல் மக்களைச் சேர்ந்ததா என்று பார்ப்பாரைக் காணோம். 'கடவுச்சொல்' என்பதைக் 'கடவுள் சொல்' எனப் பிரித்துப் பொருள்கொண்ட மாணவர் நம் வகுப்பிலேயே உண்டு. கடவு என்பது வழி; வழியைக் கடக்க உதவும் சொல் கடவுச்சொல்; கடவுச்சீட்டும் அவ்வாறே. இவ்வொரு விளக்கத்தைச் சொன்னால், 'ஓ, வாயிலைக் கடக்கும் சொல்லா! அதனை ஏன் பிறருக்குச் சொல்ல வேண்டும்?' என அவர்களே கேட்கின்றனர். சொல்லின் பொருள் விளங்கியபோதே பாதுகாப்பும் விளங்கிவிடுகிறது. இது மொழியாசிரியர் செய்யக்கூடிய பணியன்றோ?

எனவே நாம் சிலவற்றை முன்மொழிகிறோம். சேர்க்கையின்போதே ஒவ்வொரு மாணவரும் தம் எண்ணையோ, பெற்றோர் எண்ணையோ கொண்டுதான் உதவித்தொகைக் கணக்கைத் தொடங்கியுள்ளாரா எனத் துறைதோறும் பார்த்தல் வேண்டும். இல்லையெனில் இறுதி நாளுக்குப் பல வாரங்கள் முன்பே மாற்றித்தருதல் வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கி, திரையில் வரும் 'அனுமதி', 'மறுப்பு', 'தொடர்க' முதலிய வினாக்களின் பொருளை ஊர்மக்களுக்குத் தமிழில் விளக்குதல் வேண்டும். வங்கியின் பெயரால் எவர் அழைத்தாலும், அழைப்பைத் துண்டித்துவிட்டு வங்கிக் கிளைக்கு நேரில் செல்க என்னும் ஒரு வரியையாவது வீடுதோறும் சேர்த்தல் வேண்டும்.

உதவி செய்வோர்க்கும் ஓர் ஒழுக்கம் வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் முன்னொரு காலத்தே, கடல்கடந்து பொருளீட்டச் சென்றோர் அனுப்பிய மடல்களைப் படித்துச் சொல்லவும், மறுமொழி எழுதித் தரவும் ஊருக்குச் சிலர் இருந்தனர். குடும்பத்து வறுமையும் பிணக்கும் கண்ணீரும் அவர்கள் கண்முன் விரிந்தன. அவற்றை அவர்கள் தெருவில் பேசியதில்லை. படித்த மடலைத் தம்மிடம் வைத்துக்கொண்டதுமில்லை. மடித்து உரியவர் கையில் கொடுத்துவிட்டே எழுந்தனர். இன்று கணிப்பொறி முன் அமர்ந்து பிறர்க்கு உதவும் நம் மாணவர்கள் அப்பெரியோரின் வழித்தோன்றல்கள். விண்ணப்பம் முழுவதையும் நிரப்பித் தருக. கடவுச்சொல் இடும் கட்டம் வரும்போது விசைப்பலகையை உரியவரிடம் நகர்த்திவிட்டு முகத்தை அப்பால் திருப்பிக்கொள்க. எழுத்தெழுத்தாகத் தேடித் தட்ட அவர்க்கு ஐந்து நிமிடம் ஆயினும் பொறுத்திருக்க. அந்த ஐந்து நிமிடமே அவர்க்கு நாம் தரும் மதிப்பு.

நம் மாணவர் இவ்வாண்டு மீண்டும் விண்ணப்பித்தார். தாயையும் உடன் அழைத்து வந்திருந்தார். கைப்பேசி எண் தாயினுடையது; கடவுச்சொல் மாணவருடையது. நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றோம். வாயில் திறந்தது.